ஃப்ரீசரில் ஓர் இருபத்தைந்து

ஸ்கார்வோய் தீவில் யாருக்கு மணி தெரிய வேண்டுமென்றாலும் தோருன்னிடம்தான் கேட்பார்கள். அவள் கையில் கடிகாரம் கிடையாது. அதனால்தான் கேட்பார்கள்.

அவளுக்குக் கார் ஏற்றிச் செல்லும் ஃபெரிப் படகில் வேலை. மஞ்சள் சட்டையும் தடித்த கையுறையுமாக நின்றுகொண்டு, கரையிலிருந்து ஏறும் கார்களை "வா, வா, இன்னும் கொஞ்சம், போதும்" என்று இடம் பார்த்து நிறுத்துவாள். ஒவ்வொரு கார் அவளைத் தாண்டும்போதும் கண்ணாடி இறங்கும்.

"தோருன், மணி என்ன?"

"இன்னும் ஆகலை. நகரு."

நாலு வருஷமாக இதே பேச்சு. தீவில் நானூறு பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் இருப்பது ஒரே ஒரு நகைச்சுவை. அதைத்தான் ஆளாளுக்கு எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

நார்வே நாட்டுப் பெண்கள் கால்பந்து அணிக்காக இருபத்தைந்து ஆட்டம் ஆடினால் தங்கக் கடிகாரம் கொடுப்பார்கள். இருபத்து நாலு ஆடினால் கை குலுக்குவார்கள். தோருன் ஆடியது இருபத்து நாலு.

வயது முப்பத்து நாலு. முன்களத்தில் ஆடுகிறவள். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதும். ஆனால் நாட்டுக்காக அவள் அதிகம் செய்தது, ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேல்கோட்டைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடியதுதான். மீதி நேரமெல்லாம் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில். "உலகத்துல நல்ல நல்ல மைதானமெல்லாம் உட்கார்ந்தே பார்த்திருக்கேன். டிக்கெட் காசு ஒரு பைசா கொடுத்ததில்லை" என்று அவளே சொல்லிக்கொள்வாள். மூன்று கோல் அடித்திருக்கிறாள். ஒன்று தலையால், ஒன்று பெனால்டி. மூன்றாவது, எதிரணி கோல்கீப்பர் ஓங்கி உதைத்த பந்து, திரும்பி நின்றுகொண்டிருந்த தோருன்னின் பின்புறத்தில் பட்டு உள்ளே போனது. தொலைக்காட்சி அந்த ஒன்றை மட்டும்தான் திரும்பத் திரும்பக் காட்டியது.

உண்மையில் நாலாவதாக ஒரு கோல் உண்டு. வரிசைப்படி பார்த்தால் அதுதான் முதல் கோல். பத்தொன்பது வயதில், முதல் ஆட்டத்தில், இருபத்தைந்து மீட்டர் தள்ளி நின்று இடது காலால் அடித்தாள். பந்து மேல்மூலையில் போய் உட்கார்ந்தது. அப்படியொரு கோலை அதற்கப்புறம் கனவில்கூட அவள் அடிக்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. நட்பு ஆட்டத்தில் ஆறு பேரைத்தான் மாற்றலாம், அன்றைய பயிற்சியாளர் ஏழு பேரை மாற்றிவிட்டார், அதனால் அது நாட்டு ஆட்டம் என்ற கணக்கிலேயே வராது. ஆட்டம் இல்லையென்றால் கோலும் இல்லை. "பெஞ்சுல ஒரு பொண்ணு மட்டும் ஆடாம உட்கார்ந்திருந்தா. பாவமா இருந்துச்சு" என்றாராம் அந்த மனிதர். ஆறு வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் எல்லாருக்கும் சமமாக நேரம் பிரித்துக் கொடுத்தே பழகிய நாடு. அந்தப் பாவம் எங்கே போகும்?

அந்தக் கோலின் படம் ஃபெரியில் காப்பி குடிக்கிற அறையில் இன்னும் தொங்குகிறது. கேப்டன் ஒட்வார் அதன் கீழே அழகான எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: "நடக்காத கோல்."

இருபத்தைந்தாவது ஆட்டம் நாலு வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். தேதி குறித்தாகிவிட்டது. தீவின் விளையாட்டுக் கழகத்தில் கடைப் பொறுப்பாளரான பியோர்க், பாதாம் மாவுப் போர்வை போர்த்திய பெரிய கேக் ஒன்றைச் செய்து, மேலே சாக்லேட்டில் 25 என்று வார்த்து ஒட்டினாள். மூன்று நாள் முன்னால் பயிற்சியில் தோருன்னின் முட்டி "டப்" என்றது. கேக்கைத் தூக்கி எறிய பியோர்க்குக்கு மனசு வரவில்லை. கழகத்துக் கடையின் ஃப்ரீசரில், சாசேஜ் பொட்டலங்களுக்கு அடியில் வைத்து மூடினாள்.

இரண்டு அறுவை சிகிச்சை முடிந்தது. நாட்டு அணிக்கு ஹேகே என்று புதுப் பயிற்சியாளர் வந்தாள். மான்குட்டி மாதிரி ஓடுகிற புதுப் பெண்கள் வந்தார்கள். தோருன் இரண்டாம் நிலை அணி ஒன்றில் திரும்ப ஆடத் தொடங்கி, இந்த வசந்தத்தில் மட்டும் பதினோரு கோல் அடித்தாள். யாரும் கூப்பிடவில்லை. கேக்கும் அசையவில்லை. சாசேஜ் எடுக்கப் போகிறவர்கள் அதை ஒருமுறை தொட்டுவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, கழகக் கடையில் தோருன் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முறை. மாவு கையோடு போனை எடுத்தாள்.

"தோருன்னா? ஹேகே பேசறேன். முகாம்ல எல்லாருக்கும் வயிறு கெட்டுப்போச்சு. அஞ்சு பேர் கழிவறையை விட்டு வெளியவே வரலை. சனிக்கிழமை ஸ்டவாங்கர்ல ஃபின்லாந்தோட நட்பு ஆட்டம். வர முடியுமா?"

வாஃபிள் கருகியது. பதினைந்து வருஷ அனுபவம் உள்ள ஒரு சர்வதேச ஆட்டக்காரி அந்த நேரத்தில் என்ன சொல்வாளோ அதைச் சொன்னாள்.

"சனிக்கிழமை எனக்குக் கடை முறை."

வேறு நாட்டுப் பயிற்சியாளராக இருந்தால் போனை வைத்திருப்பாள். ஹேகேவும் இந்த மாதிரி ஊர்க்காரிதான்.

"என்ன போட்டி?"

"குட்டிப் பசங்க போட்டி. பக்கத்துத் தீவுலேர்ந்தெல்லாம் வராங்க. காலைல பத்து மணிலேர்ந்து."

"அய்யோ. மாத்திக்க ஆள் இருக்கா?"

"கேட்டுப் பார்க்கணும்."

"சரி, கேட்டுட்டுச் சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்."

சம்பளமில்லாமல் எல்லாரும் முறை வைத்துச் செய்யும் கழகத்து ஊர்வேலையில் முறை தவறுவது என்பது ஸ்கார்வோயில் கேள்விப்படாத விஷயம். அங்கே விவாகரத்து நடக்கும், ஓட்டுப் போடும்போது கட்சி மாறுவார்கள், பக்கத்து வீட்டோடு வேலிச் சண்டையில் பத்து வருஷம் பேசாமல் இருப்பார்கள். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலில் பெயர் இருந்தால் கடையில் வந்து நிற்பார்கள். வர முடியாதவர் தன் இடத்துக்குத் தானே ஆள் பிடித்து நிறுத்த வேண்டும். பியோர்க்கின் இருபத்திரண்டு வருஷச் சட்டம் அது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு போட்டி நாளில்கூடக் கடை திறக்காமல் இருந்ததில்லை.

ஆள் பிடிப்பது சுலபம் என்று நினைத்தாள் தோருன். மறுநாள் காலை முதல் ஃபெரியிலேயே கேப்டனிடம் போனாள்.

"ஒட்வார், சனிக்கிழமை கடையில நிக்கிறீங்களா?"

"சனிக்கிழமையா? நான் ஸ்டவாங்கர் போறேன்மா. பஸ் பேசியாச்சு. முன் சீட்டு எனக்கு."

"நேத்து ராத்திரிதான் எனக்கே போன் வந்துச்சு!"

"உனக்கு வந்து அஞ்சாவது நிமிஷம் எங்களுக்கு வந்துடுச்சு. துணியில 25னு எழுதிக்கூட முடிச்சாச்சு."

"நான் ஆள் பிடிக்கலைன்னா நான் போக முடியாது. நானே போகலைன்னா நீங்க எதுக்குப் போறீங்க?"

ஒட்வார் யோசித்தார். "டிக்கெட் வாங்கியாச்சே" என்றார்.

தீவு முழுக்க இதே பதில்தான். தோருன் ஆடுவதைப் பார்க்க, போட்டியில் வேறு வேலை இல்லாதவர்கள் எல்லாரும் பஸ்ஸில் இடம் போட்டிருந்தார்கள். அவள் ஆட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் பார்க்காமல் இருக்க வேண்டும். அந்த ஒருவராக இருக்க அவர்களில் ஒருவருக்கும் மனமில்லை. எல்லாம் அவள் மேல் வைத்த அன்புதான். அன்பு கூடிப்போனால் கழுத்தைப் பிடிக்கும் என்று தோருன் அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பியோர்க்கின் வீட்டுக் கதவைத் தட்டினாள். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அவளுக்கு மட்டும்தான்.

"ஆள் கிடைக்கலை" என்றாள் தோருன்.

"தெரியும். என்னையும் மூணு பேர் கேட்டாங்க, உனக்காக ஆள் பார்க்கச் சொல்லி. ஒருத்தனும் நான் நிக்கிறேன்னு சொல்லலை, திருட்டுப் பசங்க." பியோர்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் நிக்கிறேன். நீ கிளம்பு."

"நீங்க ஸ்டவாங்கர் வரலையா?"

"ஸ்டவாங்கர்ல பார்க்கிங் கிடைக்காதுடீ."

"எல்லாரும் பஸ்ல போறாங்க, பியோர்க்."

"பஸ்ல எனக்குக் குமட்டும்."

இருபது வருஷம் மீன்பிடி படகில் வேலை பார்த்தவள் பியோர்க். குளிர்காலப் புயலில், மற்றவர்கள் வாளியைக் கட்டிப்பிடித்துக் கிடந்தபோது, நின்றுகொண்டே மீன் குழம்பு சாப்பிட்டவள். தோருன் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணும் பேசாதே. போன்ல பார்ப்பேன். கேக்கை ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து வெளிய வைக்க ஒருத்தர் வேணாமா? உருக நேரம் எடுக்கும். போ, போ. கடிகாரத்தோட வா."

சனிக்கிழமை வெயில் அடித்தது. எப்போதும் மழை பெய்யும் ஸ்டவாங்கரில் அது தனிச் செய்தி. மைதானத்தின் ஒரு மூலையில் ஸ்கார்வோய் தீவே உட்கார்ந்திருந்தது. 25 என்று எழுதிய துணியை ஒட்வார் தலைகீழாகப் பிடித்திருந்தார். யாரோ திருப்பிவிட்டார்கள்.

தோருன் பெஞ்சில் தன் பழைய இடத்தில், ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பழைய பழக்கம் வந்துவிட்டது. எண்ணத் தொடங்கினாள். பெஞ்சிலேயே வாழ்க்கையைக் கழித்தவளுக்கு வேறென்ன தெரியும்? யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், இன்னும் எத்தனை இடம் பாக்கி. நாட்டில் யாரும் அவளளவுக்குத் துல்லியமாக மாற்று ஆட்டக்காரர்களை எண்ண முடியாது. இதற்கு ஒரு கடிகாரம் கொடுப்பதாக இருந்தால் எப்போதோ வாங்கியிருப்பாள்.

இடைவேளையில் மூன்று பேர் மாறினார்கள். இருவர் நடுக்களம், ஒருவர் கோல்கீப்பர். மூன்று. அறுபதாவது நிமிஷம் தீரில் என்ற பெண் இறங்கினாள். பத்தொன்பது வயது, முதல் ஆட்டம், பயத்தில் முகம் வெண்ணெய் நிறம். நாலு. அறுபத்தெட்டில் இன்னொருத்தி. ஐந்து. எழுபத்திரண்டில் தீரில் மூன்று பேரைத் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டாள். போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நடுவரையே கட்டிப்பிடித்துவிட்டாள்.

எழுபத்தெட்டில் ஹேகே திரும்பினாள். "தோருன், தயாராகு."

தோருன் மேல்கோட்டைக் கழற்றினாள். கேமரா அவளைக் காட்டியது. ஸ்கார்வோய் மூலையில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். அங்கே தீவில் பியோர்க் ஒரு கையில் போனும் ஒரு கையில் வாஃபிள் கரண்டியுமாக அதைப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஃப்ரீசரைத் திறந்தாள்.

அந்த நிமிஷம் பார்த்துத்தான் பின்கள ஆட்டக்காரி ஒருத்திக்குக் கால் பிடித்துக்கொண்டது. துடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். அவளுக்குப் பதிலாக வேறொரு பின்கள ஆட்டக்காரி உள்ளே போனாள். ஆறு.

அவ்வளவுதான். தோருன் மேல்கோட்டைத் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை. கை வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். 'சரி, வெயிலாவது அடிக்குதே' என்று நினைத்துக்கொண்டாள்.

எண்பத்து நாலாவது நிமிஷம். "தோருன்! இப்ப போ!"

அவள் ஹேகேயைப் பார்த்தாள். ஹேகேயின் கையில் ஒரு காகிதம், அதில் மாற்றிய ஆளுக்கு ஒன்றாக ஐந்து கோடு. கோல்கீப்பர் பயிற்சியாளர் கையில் இன்னொரு காகிதம், அதில் ஒரு கோடு. இரண்டு காகிதமும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. முகாமில் வயிற்றுத் தொல்லை என்பதால், தேவைப்பட்டால் ஏழாவது ஆளையும் இறக்கிக்கொள்ளலாம் என்று ஃபின்லாந்துக்காரர்கள் முன்பே பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்கள். நடுவரும் தடுக்க மாட்டார். ஆட்டம் நடக்கும். கடிதம்தான் ஒரு வாரம் கழித்து வரும்.

தோருன்னின் கால்கள் அதற்குள் எல்லைக்கோட்டுக்குப் போய்விட்டன. அவளுடைய எண் பலகையில் ஒளிர்ந்தது. ஸ்கார்வோய் மூலையே அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவளுடைய பக்கத்து வீட்டு வேலிச் சண்டைக்காரனும் கத்தினான். ஆறு நிமிஷம் ஆடலாம். கடிகாரம் கிடைக்காது, அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஆறு நிமிஷம். அவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். தப்பு ஹேகேயின் தலையில் விழும். தோருன் எண்ணினாள் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

உள்ளே தீரில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் வெண்ணெய் போய் ரத்தம் வந்திருந்தது. தன் கோலை இன்னும் தனக்குள்ளே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும் முகம். அந்த முகத்தைத் தோருன்னுக்குத் தெரியும். காப்பி குடிக்கிற அறையில் தினம் பார்க்கிறாள்.

அவள் கோட்டிலிருந்து ஓர் அடி பின்வாங்கினாள்.

"ஹேகே, எத்தனை பேரை மாத்தியிருக்கே?"

"அஞ்சு. நீ ஆறு. போடீ, நேரம் போகுது!"

"கோல்கீப்பரைச் சேர்த்தா?"

ஹேகே தன் காகிதத்தைப் பார்த்தாள். கோல்கீப்பர் பயிற்சியாளரைப் பார்த்தாள். அவன் தன் காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். ஹேகேயின் முகத்திலிருந்து நிறம் இறங்குவதைத் தோருன் கிட்ட நின்று பார்த்தாள்.

"அய்யய்யோ."

"அதான். ஆட்டமே இல்லைன்னு ஆயிடும். அந்தப் பொண்ணு கோலும் சேர்த்து."

"தோருன்... உனக்கு..."

"பலகையை இறக்கச் சொல்லு. நான் போய் உட்கார்றேன். எனக்கு இடம் தெரியும்."

மூலையில் கத்தல் மெல்ல நின்றது. 25 என்ற துணி கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது.

ஆட்டம் முடிந்ததும் தீரில் ஓடி வந்தாள். "நீங்க ஏன் உள்ள வரலை? பலகையில உங்க நம்பர் வந்துச்சே!"

"ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு" என்றாள் தோருன். "நல்ல கோல். பத்திரமா வச்சுக்கோ."

திரும்பும்போது அவளும் பஸ்ஸிலேயே வந்தாள். நடந்ததைச் சொன்னாள். ஐம்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ரொம்ப நேரம் கழித்து முன் சீட்டிலிருந்து ஒட்வார் திரும்பாமலே சொன்னார்: "அப்ப மணி இன்னும் ஆகலை." யாரும் சிரிக்கவில்லை. அவரே மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அப்புறம் பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "அந்தப் பின்புறக் கோல் கணக்குல இருக்குல்ல?" என்று கேட்டாள். அதற்குத்தான் சிரித்தார்கள். தோருன்தான் எல்லாரையும்விட அதிகம்.

தீவுக்கு வந்தபோது மாலை எட்டு மணி, வெயில் இன்னும் போகவில்லை. போட்டிக்கு வந்த பிள்ளைகள் போயிருந்தார்கள். கழகக் கடையில் பியோர்க் மாவு அப்பிய ஏப்ரனோடு நின்றிருந்தாள். முன்னால் மேசையில் கேக். நன்றாக உருகி, பாதாம் போர்வையில் வியர்வை பூத்து, 25இல் ஐந்து மட்டும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்திருந்தது.

"மேல்கோட்டைக் கழட்டினதைப் பார்த்தேன்" என்றாள் பியோர்க். "எடுத்து வெளிய வச்சுட்டேன். அப்புறம் பார்த்தா நீ திரும்பப் போய் உட்கார்றே."

"மறுபடி உள்ள வச்சுடலாமா?"

"உருகினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. வயித்துக்கு ஆகாது." பியோர்க் ஒரு கத்தியை நீட்டினாள். "உங்க முகாம்ல வயிறு கெட்டா என்ன ஆகும்னு பார்த்தீங்கல்ல."

தோருன் கத்தியை வாங்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சாக்லேட் ஐந்தை விரலால் பெயர்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?" என்றார் ஒட்வார்.

"சாசேஜ் வாசனை."

பியோர்க் அழவில்லை. அவளுக்கு ஏப்ரனில் மூக்குத் துடைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கேக் பதினைந்து நிமிஷத்தில் காலியானது. சாசேஜ் வாசனை என்று எல்லாரும் சொன்னார்கள், எல்லாரும் இரண்டாவது துண்டு கேட்டார்கள்.

தட்டு கழுவும்போது தோருன்னின் போன் அசைந்தது. ஹேகேயின் செய்தி. ஈரக் கையோடு சத்தமாகப் படித்தாள்: "செப்டம்பர் பதினாலு, ஓஸ்லோ. முட்டியைப் பத்திரமா வச்சுக்கோ. இந்தத் தடவை யாருக்கும் வயிறு கெடாமலே கூப்பிடறேன். ஒரே காகிதம்தான் வச்சுப்பேன்."

ஒரே கூச்சல். பியோர்க் மட்டும் கூச்சல் போடவில்லை. சுவரில் இருந்த பட்டியலிடம் போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் கீழே கீழே இறங்கினாள்.

"செப்டம்பர் பதினாலு" என்றாள். "குட்டிப் பசங்க கடைசி ஆட்டம். கடை முறை... தோருன்."

கூச்சல் நின்றது. ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். ஒட்வார் தன் ஷூ லேஸை அவிழ்த்துத் திரும்பக் கட்டத் தொடங்கினார்.

"என்னைப் பார்க்காதீங்க" என்றாள் பியோர்க். "இந்தத் தடவை நானும் வரேன். பஸ்ல எனக்கு முன் சீட்டு."

"முன் சீட்டு எனக்கு..." என்று ஒட்வார் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பியோர்க் கொஞ்ச நேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். தோருன்னின் பெயரை ஒரே கோட்டில் அடித்தாள். அதற்குப் பக்கத்தில், இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பட்டியலில் யாரும் எழுதாத வார்த்தையை, நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

"மூடியிருக்கும்."